சிமுலேட்டரில் வாங்கிய திட்டும், எழுதச் சொன்ன ராஜினாமாவும்

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் ஒரு துணை விமானி. வயது 34, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். ஏழு வருடம் சிறிய ரக ஜெட் விமானம் ஓட்டிவிட்டு, அதே நிறுவனத்தில் பெரிய விமானத்துக்கு மாறும் பயிற்சிக்குத் தேர்வானார். அதற்காக மூன்று வருடத்துக்குப் புதிய பாண்டு ஒன்றிலும், அதாவது அதுவரை வேலையில் இருப்பேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தத்திலும், கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொகை 1,20,000 வெள்ளி.

விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சி இயந்திரமான சிமுலேட்டரில் முதல் நான்கு பாடங்கள் ஒழுங்காகப் போயிருக்கின்றன. ஐந்தாவது பாடத்துக்கு வந்த பயிற்றுநரிடம்தான் சிக்கல் ஆரம்பம். அதிகாலை இரண்டு மணி ஸ்லாட், நான்கு மணி நேரமும் கத்தல். பாடத்திட்டத்தில் இல்லாத கோளாறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார். பாதியில் சிமுலேட்டரை நிறுத்திவைத்து, கூடப் பயிற்சி பெறுபவரைக் காட்டி “இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்” என்பார். “இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எந்த டவரோடு பேசப்போகிறாய்?” என்று சிரித்தும் இருக்கிறார். ஒரு நாள் ரடர் பெடல் (விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பக் காலால் மிதிப்பது) சரியாக வேலை செய்யவில்லை என்று நம் வாசகர் சொன்னபோது, பழியை இயந்திரத்தின்மேல் போடாதே என்று பதில் வந்தது.

பாடம் முடிந்து பேசும்போது “பரவாயில்லை, தேறிவிட்டாய்” என்றவர், மறுநாள் மின்பதிவில் “தரத்துக்குக் கீழே” என்று எழுதியிருந்தார். வாசகரும் பயத்தில் அப்படியே கையெழுத்திட்டுவிட்டார். கூடுதலாகக் கொடுத்த இரண்டு பாடங்களுக்கும் அதே பயிற்றுநர். கடைசியில் செக் எனப்படும் தகுதிச் சோதனையை எடுத்தவரும் அவரே. முடிவு, தேறவில்லை. இன்னும் ஒன்பது நாளில் பயிற்சி மறுஆய்வுக் குழுவின் முன் இவர் உட்கார வேண்டும். அதற்குள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் பதிவு சுத்தமாக இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவும் “பெரியவங்களோட மோதாதப்பா” என்கிறார். இவருக்கு வீவக வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது.

கேள்விகள் இவை. விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்து செக் முடிவை ரத்து செய்ய முடியுமா? அதிகச் சம்பளம் வாங்குபவருக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாதாமே? ராஜினாமாதான் நல்லதா? ஒரு பாடத்தைக் கைப்பேசியில் ரகசியமாகப் பதிவு செய்திருக்கிறார், அதைப் பயன்படுத்தலாமா?

தம்பி, கடைசிக் கேள்விக்கு முன்னால் ராஜினாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம்.

ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள்

பாண்டை எடுத்து, எந்தெந்தச் சூழ்நிலையில் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கும் பத்தியைப் படியுங்கள். நான் பார்த்த பல பாண்டுகளில், ஊழியர் தானாக விலகினால் பணம் கட்ட வேண்டும். பயிற்சியில் தேறாமல் நிறுவனமே அனுப்பினால் கட்ட வேண்டியதில்லை, அல்லது குறைவாகக் கட்டினால் போதும். உங்களுடையதும் அப்படி இருந்தால், “பதிவு சுத்தமாக இருக்கும்” என்ற அந்த ஒரு வரி ஆலோசனையின் விலை 1,20,000 வெள்ளி. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டப்போவது அவர் இல்லை.

பதிவு சுத்தமாகும் என்பதும் சரியல்ல. நீங்கள் விலகினாலும் பயிற்சிப் பதிவு அங்கேயே இருக்கும். அடுத்த நிறுவனம் விண்ணப்பத்திலேயே “எந்தப் பயிற்சியிலாவது, செக்கிலாவது தேறாமல் போனதுண்டா?” என்று கேட்கும். அதற்கு மறைத்து எழுதுவதுதான் ஒரு விமானிக்கு உண்மையான ஆபத்து. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் அருகே அட்லஸ் ஏர் 3591 சரக்கு விமானம் விழுந்து அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். அதன் துணை விமானி முந்தைய நிறுவனங்களில் பயிற்சியில் தோற்றதை விண்ணப்பத்தில் மறைத்திருந்தார் என்பது விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகு யாரும் இந்தக் கேள்வியைச் சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை.

வற்புறுத்தலால் எழுதிய ராஜினாமாவையும் நம் சட்டம் பணிநீக்கமாகவே கருத முடியும், உண்மைதான். ஆனால் மனமில்லாமல்தான் எழுதினேன் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். தனியறையில் ஒருவர் நட்போடு சொன்ன வார்த்தையை வைத்து அதை எப்படி நிரூபிப்பீர்கள்? அந்தப் பேச்சு எந்தத் தேதியில், எங்கே நடந்தது, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை இன்றே உங்கள் சொந்த மின்னஞ்சலில் எழுதி உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். நினைவு மங்குவதற்குள் எழுதியதற்கு மதிப்பு அதிகம்.

மதிப்பெண் வேறு, அது வந்த வழி வேறு

உங்கள் கடிதம் முழுவதும் ஓடுவது ஒரே கோபம்: “நான் சரியாகத்தான் ஓட்டினேன், அவர் வேண்டுமென்றே தோற்கடித்தார்.” இருக்கலாம். ஆனால் இந்தக் கோபத்தை அப்படியே மறுஆய்வுக் குழுவுக்கோ தீர்ப்பாயத்துக்கோ எடுத்துப் போனால் வேலைக்காகாது. ஒரு எஞ்சின் நின்ற நிலையில் இறங்காமல் மறுபடி மேலே எழுந்தபோது நீங்கள் மிதித்த ரடர் போதுமா போதாதா என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆம் இணைப்பு, வணிக விமானிகள் ஒவ்வொருவரின் திறனையும் வருடத்துக்கு இரண்டு முறை சோதிக்கச் சொல்கிறது. இந்தத் துறையின் அடித்தளமே அந்தச் சோதனைகள்தான். பயணிகள் உட்காரும் விமானத்தின் விஷயத்தில் சந்தேகத்தின் பலனை விமானிக்குக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எதிரே இருப்பவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததா என்று அளந்து பார்க்கலாம். அந்த வேலைக்கு விமானம் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பாடத்திட்டத்தின்படி, எந்த இயந்திரத்தில், யார், எந்த அளவுகோலில் உங்களை மதிப்பிட்டார் என்று பார்த்தால் போதும். மதிப்பெண்ணோடு மோதாமல் அது வந்த வழியைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு நான்கு நல்ல பிடிகள் இருக்கின்றன. நீங்களோ அவற்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், பக்கம் பக்கமாக எழுதியிருப்பது அவர் கத்தியதைப் பற்றித்தான்.

முதல் பிடி, மாறிப்போன பதிவு. வாயால் தேறிவிட்டாய் என்றவர் மறுநாள் வேறு எழுதியது ஏன்? மின்பதிவு எத்தனை மணிக்கு உருவானது, திருத்தப்பட்டதா என்ற விவரம் அந்த மென்பொருளில் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் கையெழுத்திட்டுவிட்டதை நினைத்துக் கலங்க வேண்டாம். படித்தேன் என்பதற்கான கையெழுத்து வேறு, ஒப்புக்கொண்டேன் என்பதற்கானது வேறு. உங்கள் படிவத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இனிமேல் எந்தப் பதிவு வந்தாலும் “படித்தேன், மதிப்பீட்டின் இந்தப் பகுதியை ஏற்கவில்லை” என்று குறிப்பு எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இரண்டாவது பிடி, பயிற்சி கொடுத்தவரே செக் எடுத்தது. எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிதாகப் பட்டது இதுதான். ஐரோப்பிய விதிகள், பயிற்சியில் கணிசமான பங்கை அளித்தவரே தகுதிச் சோதனையும் நடத்துவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அது இங்கே நம்மைக் கட்டாது. ஆனால் உங்கள் நிறுவனம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட விதி ஒன்று இருக்கும். இயக்கக் கையேட்டின் ‘டி’ பகுதி முழுக்கப் பயிற்சியைப் பற்றியது. கூடுதல் பாடம் தேவைப்பட்டால் பயிற்றுநரை மாற்ற வேண்டுமா, யார் செக் எடுக்கலாம், எத்தனை வாய்ப்பு தர வேண்டும், மறுஆய்வுக் குழுவில் யார் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்பது நாளில் முதல் இரண்டு நாளை அந்தக் கையேட்டுக்கே கொடுங்கள். அதில் ஒரு வரி உங்களுக்குச் சாதகமாகக் கிடைத்தால், அது பத்துப் பக்கப் புகாரைவிட வலுவானது.

மூன்றாவது, ரடர் பெடல். சிமுலேட்டர் ஒவ்வொன்றுக்கும் கோளாறுப் பதிவேடு உண்டு. நீங்கள் சொன்ன தேதியில், அதற்கு முந்தைய நாளில், அடுத்த நாளில் அந்த இயந்திரத்தில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

நான்காவது, பாடத்திட்டத்தில் இல்லாத கோளாறுகள். இதில் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பயிற்சிப் பாடத்தில் பயிற்றுநருக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. தேறியவருக்கு இன்னும் கொஞ்சம் கடினமாகக் கொடுத்துப் பார்ப்பது தவறே அல்ல. செக் அப்படியல்ல, அதற்கு வரையறுத்த பட்டியல் உண்டு. ஆகவே ஐந்தாவது பாடத்தில் என்ன ஏற்றினார் என்பதை விடுங்கள். செக் நடந்த அன்று என்ன ஏற்றினார், அது பட்டியலில் இருந்ததா என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

அதிகச் சம்பளக்காரருக்குச் சட்டம் பொருந்தாது என்பது பழைய கதை. 2019 ஏப்ரல் 1 முதல் வேலை நியமனச் சட்டத்தின் சம்பள வரம்பு நீங்கிவிட்டது. அதற்கு முன்பு மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் வாங்கும் மேலாளர்களும் நிர்வாகிகளும் அதற்கு வெளியே இருந்தார்கள். இன்று ஏழு வருடம் வேலை பார்த்த நீங்கள் நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிடத் தகுதியானவர்.

முறையிட வேண்டிய இடம் டிஏடிஎம், அதாவது வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்து வைக்கும் முத்தரப்பு அமைப்பு. முதலில் அங்கே சமரசம் பேச வேண்டும், அது கட்டாயம். சமரசம் முறிந்தால் வேலை நியமனக் கோரிக்கைத் தீர்ப்பாயம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. என் போன்ற வழக்கறிஞர்கள் பின்னாலிருந்து எழுதிக் கொடுக்கலாம், நீங்கள்தான் பேச வேண்டும். காலக்கெடு கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதம். இதைத் தவறவிட்டு, பிறகு ஒரு கட்டுக் காகிதத்தோடு என் அலுவலகத்துக்கு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

கிடைக்கும் தொகையைப் பற்றியும் பெரிய கனவு வேண்டாம். தீர்ப்பாயத்தின் உச்சவரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கம் வழியாகச் சமரசத்துக்குப் போயிருந்தால் 30,000. விமானியின் சம்பளத்துக்கு இது சில மாதக் காசு. மீண்டும் வேலையில் அமர்த்தச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். ஒப்பந்த மீறல் வழக்கில் பொதுவாக இழப்பீடு முன்னறிவிப்புக் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும். நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014ல் ஒரு வழக்கில் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வழக்குச் செலவு அதைத் தாண்டிவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முறையான முன்னறிவிப்போடு, காரணமே சொல்லாமல் அனுப்பினால், அது நியாயமானதென்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். காரணம் சொல்லி அந்தக் காரணம் பொய்யென்று தெரிந்தால் நிலைமை மாறும். திறமைக் குறைவு என்று காரணம் காட்டினால் நிறுவனம் அதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு பிடிகளும் அப்போதுதான் உதவும்.

பாண்டுப் பணத்துக்கு வேறு அளவுகோல். ஒப்பந்தத்தை மீறினால் கட்ட வேண்டிய தொகை, நிறுவனத்துக்கு உண்மையில் ஏற்படக்கூடிய இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், மிரட்டுவதற்கான தண்டனையாக இருக்கக் கூடாது. 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பழைய அளவுகோலையே உறுதி செய்தது. பெரிய விமானத்தின் பயிற்சி உண்மையிலேயே செலவு மிகுந்தது என்பதால் இதை வைத்து முழுத்தொகையும் பறந்துபோகும் என்று நம்பாதீர்கள். மாதாமாதம் குறையும்படி எழுதியிருக்கிறார்களா, பயிற்சியை முடிக்காதவரிடமும் முழுத்தொகை கேட்கிறார்களா என்பதைப் பார்த்துத்தான் பேரம் பேச முடியும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி எல்லா அறிக்கைகளையும் வாங்கிவிடலாம் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வேலையில் வைத்திருப்பதா வேண்டாமா என்று மதிப்பிடுவதற்காக மட்டுமே எழுதி வைத்த கருத்துகளைத் தர வேண்டியதில்லை என்று அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆகவே சட்டத்தைக் காட்டாமல், உங்கள் சொந்தப் பயிற்சிப் பதிவின் நகல் வேண்டும் என்று கையேட்டின்படி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

அந்த ஆங்கிலப் பேச்சும் கத்தலும்

இனத்தை வைத்து ஒருவரை வேலையிலிருந்து அனுப்புவது இப்போதே நியாயமற்ற பணிநீக்கம்தான். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் இதை இன்னும் வலுவாக்குகிறது. இதை எழுதும்போது அது நடைமுறைக்கு வரவில்லை, அதனால் அதை நம்பி இறங்க வேண்டாம். தொல்லையிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையிடத்துக்குப் பொருந்தும். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரு வாக்கியம், ஒரு சாட்சி. அந்தச் சாட்சியும் அடுத்த மாதம் அதே பயிற்றுநரிடம் போக வேண்டியவர். அவரை வற்புறுத்தாதீர்கள். என்ன கேட்டது என்று நினைவிருக்கிறதா என்று ஒரு முறை நேரில் கேளுங்கள், அதோடு விடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியும் வேண்டாம்.

இதைப் புகாரின் தலைப்பாக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாதுகாப்பு விஷயமாக எழுதினால் அதிகம் உறைக்கும். 1977 மார்ச் 27, தெனெரிஃப் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே விமானத்தைக் கிளப்பிய கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். அவரது துணை விமானிக்கு அந்த ரக விமானத்துக்கான தகுதிச் சோதனையைக் கொஞ்ச காலம் முன்பு நடத்தியவரும் அவரே. எதிரே விமானம் விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் கேட்ட சந்தேகத்தை அவர் தள்ளிவிட்டார், அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. சின்னவர் பெரியவரிடம் துணிந்து பேச வேண்டும் என்று இந்தத் துறை அதிலிருந்து படித்துக்கொண்டது. ரடர் சரியில்லை என்று சொன்ன உங்களை வாயடைத்தது அந்தப் பாடத்துக்கு நேர் எதிரானது. இதை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு புரிந்துகொள்ளும். அப்பாவிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், பேருந்து ஓட்டியவருக்குப் பிரேக் சரியில்லை என்று சொல்வதன் அருமை தெரியும்.

ஆணையமும் கைப்பேசிப் பதிவும்

விமானப் போக்குவரத்து ஆணையம் உரிமத்தையும் பாதுகாப்பையும் பார்க்கும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நாட்டாமை செய்யாது. செக் எடுத்தவர் ஆணையத்தின் அங்கீகாரத்தோடு எடுத்தவர் என்பதால், பட்டியலை மீறினார் என்று ஆதாரம் கிடைத்தால் அதை எழுதுவது பொருத்தம்தான். முடிவை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது பொருந்தாது. நிறுவனத்துக்குள் கேட்டுப் பார்க்காமல் அங்கே போவதும் சரியாக வராது.

கைப்பேசிப் பதிவை யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். சிமுலேட்டருக்குள் பதிவு செய்யக் கூடாது என்று உங்கள் நிறுவன விதி இருந்தால், நிறுவனம் அதையே ஒழுங்கீனமாக்கிவிடும். இதுவரை திறமை பற்றிய கேள்வியாக இருந்தது உங்கள் நடத்தை பற்றிய விசாரணையாக மாறிவிடும். ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

மறுஆய்வுக் குழுவில்

தொழிற்சங்க உறுப்பினர் என்றால் இன்றே அவர்களைக் கூப்பிடுங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் குறைதீர்ப்பு முறை இருக்கும், கூட ஒருவர் வந்து உட்காரவும் முடியலாம். குழுவுக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். உங்கள் ஏழு வருடப் பதிவு, முதல் நான்கு பாடங்களின் மதிப்பீடு, பிறகு தேதிவாரியாக நடந்தது, கையேட்டின் எந்தப் பத்தி பின்பற்றப்படவில்லை என்பது. பயிற்றுநரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: வேறு பயிற்றுநரிடம் இரண்டு பாடம், மூன்றாவது ஒருவரிடம் செக். குழுவால் முகம் வாடாமல் கொடுக்கக்கூடியது அதுதான், நீங்கள் உண்மையில் வேண்டுவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எதில் தடுமாறினீர்கள் என்று கேட்டால் நேர்மையாகச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்திலேயே “ஒற்றை எஞ்சினில் எனக்கும் கொஞ்சம் திணறல் இருந்தது” என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்ததை அங்கே சொல்லுங்கள். எதையும் ஒப்புக்கொள்ளாத விமானியை யாருக்கும் பிடிக்காது.

மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை என்கிறீர்கள். அடுத்த பாடத்துக்கு அல்லது பறப்புக்குப் பெயர் போட்டிருந்தால், விமானிகளுக்கான மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். மறைத்தால்தான் உரிமத்துக்குச் சிக்கல். பாண்டின் நகலையும் ‘டி’ பகுதியின் சம்பந்தப்பட்ட பக்கங்களையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடிந்தால், உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தை நானே ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.